டிஸ்க்கில் விழும் வட்டக் கீறல்: கன்சோலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

மைக்ரோசாப்ட்டின் பழைய வீடியோ கேம் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருக்கும் இரண்டு பேர் பேச ஆரம்பித்தால், டிஸ்க் கீறிப்போன கதை எப்படியும் வந்துவிடும். லேசர் சூட்டில் டிஸ்க் எரிந்துவிட்டது என்பார் ஒருவர். கன்சோலைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்ததுதான் காரணம் என்பார் இன்னொருவர். எல்லாம் பிள்ளைகள் கையில் கொடுத்ததால் வந்தது என்று முடித்துவிடுபவர்களும் உண்டு. இந்த மூன்றுமே பெரும்பாலும் தவறு. காரணத்தைத் தவறாகப் புரிந்துகொள்வதால் நஷ்டமும் உண்டு. கோளாறான கன்சோலில் நல்ல டிஸ்க்கை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கெடுக்கிறோம். டிஸ்க்கைச் சுழற்றிப் படிக்கும் பாகமான டிரைவ் திணறினால், நன்றாக இருக்கும் டிஸ்க்கைக் குப்பையில் போடுகிறோம்.

2024 ஜூலை 29 அன்று எக்ஸ்பாக்ஸ் 360-க்கான இணையக் கடை மூடப்பட்டுவிட்டது. அந்தக் கன்சோலுக்கென்று இனிப் புதிதாக கேம் வாங்கிப் பதிவிறக்க வழியில்லை. ஏராளமான கேம்களுக்கு இன்று மிஞ்சியிருப்பது டிஸ்க் மட்டும்தான். அதனால் இதைச் சரியாகத் தெரிந்துகொள்வது முன்பைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது.

டிஸ்க்கின் உடம்பு

எக்ஸ்பாக்ஸ் 360 கேம்கள் வந்தது டிவிடியில். 12 செ.மீ. குறுக்களவு, 1.2 மி.மீ. தடிமன், ஏறக்குறைய 16 கிராம் எடை. பாலிகார்பனேட் என்ற கெட்டியான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்தது. 0.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு தகடுகளை ஒட்டித்தான் ஒரு டிவிடி செய்கிறார்கள். தகவல் இருப்பது அந்த இரண்டுக்கும் நடுவில்.

தகவல் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகள். அவை ஒரே வரிசையாக, மையத்தில் தொடங்கி விளிம்பு வரை சுற்றிச் சுற்றிப் போகின்றன. இந்த வரிசைக்குத் தடம் என்று பெயர். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் ஏறக்குறைய 1,350 சுற்றுகள் அடங்கிவிடும் என்றால் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். (இந்த எண் பின்னால் தேவைப்படும்.)

கீழேயிருந்து ஒரு லென்ஸ் சிவப்பு லேசர் ஒளியைத் தடத்தின் மேல் குவிக்கிறது. குழி உள்ள இடமும் இல்லாத இடமும் ஒளியை வெவ்வேறு விதமாகத் திருப்பி அனுப்புகின்றன. அந்த வேறுபாடுதான் கேமாக மாறுகிறது. லென்ஸ் டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. படிக்கும் லேசருக்குப் பிளாஸ்டிக்கை எரிக்கும் அளவுக்குச் சக்தியும் இல்லை. ஆகவே லேசர் எரித்தது என்ற பேச்சை இங்கேயே விட்டுவிடலாம்.

ஒளி டிஸ்க்கின் அடிப்பரப்பில் நுழையும்போது அரை மில்லிமீட்டர் போல அகலமாக இருக்கிறது. உள்ளே 0.6 மி.மீ. பயணம் செய்து தகவல் அடுக்கைத் தொடும்போதுதான் ஒரு மைக்ரான் அளவுக்குக் குவிகிறது. அதனால் பரப்பில் இருக்கும் தூசியும் மயிரிழைக் கீறலும் அந்த அகலமான ஒளியில் ஒரு சிறு பகுதியைத்தான் மறைக்கும். பெரும்பாலான சில்லறைக் கீறல்களால் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

சுருக்கமாக: தகவல் டிஸ்க்கின் நடுவே பத்திரமாக இருக்கிறது. அதைப் படிக்கும் லென்ஸ் தொடாமல் படிக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் கன்சோலுக்குள் டிஸ்க்கை உரசவே எதுவும் கிடையாது.

டிஸ்க்கைப் பிடித்திருப்பது எது?

தட்டில் டிஸ்க்கை வைத்து மூடுகிறோம். உள்ளே மோட்டாரின் தலைப்பகுதி மேலே வந்து, டிஸ்க்கின் நடுவிலுள்ள 15 மி.மீ. துளைக்குள் உட்காருகிறது. மேலிருந்து ஒரு சின்ன வட்டப் பிடிப்பான், காந்த இழுவிசையால் டிஸ்க்கை அழுத்திக்கொள்கிறது. துளையைச் சுற்றியுள்ள சிறு வளையம் மட்டும்தான் இப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. மற்ற பகுதி முழுக்க அந்தரத்தில்.

எக்ஸ்பாக்ஸ் 360-இன் டிரைவ், டிவிடியின் அடிப்படை வேகத்தைப் போல 12 மடங்கு வேகத்தில் படிக்கக்கூடியது. அந்த வேகத்தில் டிஸ்க் நிமிடத்துக்கு 7,000 முறை அளவில் சுழலும். தகவல் இரண்டு அடுக்காக உள்ள டிஸ்க் என்றால் வேகம் கொஞ்சம் குறையும், 5,000 என்று வைத்துக்கொள்ளலாம். 7,000 சுற்றில் டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 150 கி.மீ. வேகத்தைத் தாண்டுகிறது. அதற்குக் கீழே, மில்லிமீட்டர் கணக்கிலான இடைவெளியில், லென்ஸும் அதைத் தாங்கும் பகுதியும் இருக்கின்றன. லென்ஸைத் தாங்கும் இந்தப் பகுதியை இனிப் படிப்பான் என்று சொல்கிறேன்.

இந்த இடைவெளி காப்பாற்றப்படும்வரை பிரச்சினை இல்லை. அது மூடிக்கொள்வது எப்போது என்பதுதான் கேள்வி.

ஓடும்போது சாய்த்தால்

ஒரு சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரண்டு முனைகளையும் இரண்டு கைகளால் பிடித்துக்கொள்ளுங்கள். யாரையாவது சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிடச் சொல்லுங்கள். இப்போது அச்சைச் சாய்க்கப் பாருங்கள். சக்கரம் முரண்டுபிடிக்கும். நீங்கள் ஒரு பக்கம் சாய்க்க நினைத்தால், அது அதற்குக் குறுக்காக வேறொரு பக்கம் திரும்பும். கை வலுவாக இல்லாவிட்டால் பிடியே விட்டுப்போகும். வேகமாகச் சுழலும் எந்தப் பொருளும் தன் அச்சின் திசையை மாற்ற விடாமல் இப்படி எதிர்ப்பதற்குப் பெயர் ஜைரோஸ்கோப் விளைவு.

டிஸ்க்கும் அப்படித்தான். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது கன்சோலைப் படுத்த நிலையிலிருந்து நிமிர்த்தினால் பெட்டி திரும்புகிறது, மோட்டாரும் படிப்பானும் பெட்டியோடு சேர்ந்து திரும்புகின்றன. ஆனால் டிஸ்க் எதிர்க்கிறது. கையின் இடத்தில் இங்கே இருப்பது சின்னக் காந்தப் பிடிப்பான் மட்டும். அது தாங்காமல் போகும் கணத்தில் டிஸ்க் ஒரு பக்கமாகத் தன் இருக்கையிலிருந்து எழும்பி, மறுபக்கம் கீழே தாழ்ந்து, படிப்பானின் மேல் மோதுகிறது.

மோதுவது நொடியில் ஒரு சிறு பங்கு நேரம்தான். ஆனால் டிஸ்க் நொடிக்கு 80 முதல் 115 முறை சுழல்கிறது, படிப்பானோ ஒரே இடத்தில் நிற்கிறது. ஆகவே கண் இமைப்பதற்குள் முழு வட்டமாக ஒரு கீறல் விழுந்துவிடுகிறது. சில சமயம் அது கீறல் என்று சொல்லும்படிகூட இருக்காது, விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும் பள்ளமாகவே இருக்கும். அந்த நேரத்தில் கேட்கும் கரகர சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

இதிலிருந்து இன்னொரு குழப்பமும் தீர்ந்துவிடும். கன்சோலை நிற்க வைப்பதோ படுக்க வைப்பதோ தவறில்லை, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டு நிலைக்கும் வடிவமைக்கப்பட்டதுதான். டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கும்போது ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாற்றுவதுதான் ஆபத்து. நிற்க வைத்த கன்சோல் கால் பட்டுச் சரிந்து விழ வாய்ப்பு அதிகம் என்ற அளவில் மட்டும் அந்தப் பழைய அறிவுரையில் பொருள் உண்டு.

சுருக்கமாக: டிஸ்க்கைக் கீறுவது லேசர் இல்லை. சுழலும் டிஸ்க் பிடியை விட்டு விலகிப் படிப்பானில் மோதுவதுதான் கீறல்.

வட்டமாக விழுந்தால் ஏன் இவ்வளவு மோசம்?

அழுக்கும் கீறலும் வரும் என்று டிவிடியை வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். அதனால் தகவலோடு கூடுதல் எண்களையும் கணக்கிட்டுச் சேர்த்து எழுதிவைக்கிறார்கள். சில பகுதிகள் படிக்க முடியாமல் போனாலும், இந்தக் கூடுதல் எண்களை வைத்துத் தொலைந்ததைக் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம். இதற்குப் பிழைதிருத்தம் என்று பெயர். தடத்தின் போக்கில் தொடர்ச்சியாக ஆறு மில்லிமீட்டர் அளவுக்குத் தகவல் போனாலும் டிவிடியால் மீட்டுக்கொள்ள முடியும். ஆறு மில்லிமீட்டருக்குள் பல ஆயிரம் குழிகள் இருக்கின்றன, ஆகவே இது சாதாரணத் திறமை இல்லை.

மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராக ஒரு கீறல் விழுந்தால் அது தடத்தைக் குறுக்கே வெட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கீறலின் அகலம் மட்டுமே இழப்பு, அரை மில்லிமீட்டர் என்று வையுங்கள். பிழைதிருத்தம் அதை எளிதாகச் சமாளிக்கும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும் நீண்ட நேர்க்கீறல் உள்ள டிஸ்க்கூட ஓடிவிடுவதுண்டு.

வட்டக் கீறல் தடத்தின் போக்கிலேயே போகிறது. மையத்திலிருந்து 4 செ.மீ. தூரத்தில் ஒரு சுற்றின் நீளம் 25 செ.மீ. அங்கே 1 மி.மீ. அகலத்துக்கு ஒரு வளையம் விழுந்தால், அதன் அடியில் 1,350 சுற்றுகள் இருக்கின்றன. மொத்தம் 330 மீட்டருக்கு மேல் தடம் ஒரே மூச்சில் மறைக்கப்படுகிறது. மீட்க முடிவது ஆறு மில்லிமீட்டர், இங்கே இழப்பு நூற்றுக்கணக்கான மீட்டர். போதாக்குறைக்கு, பள்ளம் ஆழமாக இருந்தால் அதன் மேல் வரும்போது ஒளி சிதறி, லென்ஸ் தான் பின்தொடர்ந்துகொண்டிருந்த தடத்தையே தவறவிட்டுவிடும்.

படம் உள்ள டிவிடி என்றால் காட்சி சற்று உடைந்து, தாண்டிப் போய்விடலாம். கேமில் அப்படித் தாண்ட முடியாது. ஒரு கட்டளைத் தொகுப்போ ஒரு வரைபடமோ முழுதாக வந்தாக வேண்டும். அதனால்தான் கேம் நன்றாக ஓடி, ஒரே ஒரு கட்டத்துக்கு வந்ததும் மட்டும் தவறாமல் நின்றுபோகிறது. அந்தக் கட்டத்தின் தகவல் வளையத்தின் அடியில் இருக்கிறது.

டிஸ்க் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். துணியில் ஒரு மண் துகள் இருந்து கீறினாலும், அது குறுக்குக் கீறலாக இருக்கும்.

எக்ஸ்பாக்ஸ் 360: தெரிந்தும் விட்ட குறை

இந்தக் கன்சோல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 2005 நவம்பர் 22 அன்று. வந்த சில மாதங்களிலேயே வட்டக் கீறல் புகார்கள் தொடங்கிவிட்டன. நெதர்லாந்தின் காசா என்ற நுகர்வோர் தொலைக்காட்சி நிகழ்ச்சி 2007-இல் இதைச் சோதித்துப் பார்த்துச் செய்தியாக்கியது. அமெரிக்காவில் வழக்குகள் வந்தன. 2008 இறுதியில் சியாட்டில் நீதிமன்றத்தில் வெளியான ஆவணங்கள் முக்கியமான ஒன்றைக் காட்டின. கன்சோல் சந்தைக்கு வருவதற்கு முன்பே, டிஸ்க் சுழலும்போது பெட்டியைத் திருப்பினால் கீறல் விழும் என்பது மைக்ரோசாப்ட்டின் டிரைவ் குழுவுக்குத் தெரிந்திருந்தது.

அவர்கள் மூன்று தீர்வுகளை யோசித்திருக்கிறார்கள். காந்தத்தின் பிடியை வலுப்படுத்துவது முதலாவது. தட்டு திறந்து மூடுவதற்கு அது இடைஞ்சலாகலாம் என்று கைவிட்டார்கள். இரண்டாவது சுழலும் வேகத்தைக் குறைப்பது. கேம் ஏறுவதற்கு நேரம் அதிகமாகும் என்று அதையும் விட்டார்கள். மூன்றாவது, டிஸ்க் தாழ்ந்தாலும் மெத்தென்று தாங்கும் சின்னத் தடுப்புகளை உள்ளே பொருத்துவது. அதற்கு மொத்தம் 3.5 கோடி முதல் 7.5 கோடி டாலர் வரை ஆகும் என்று கணக்கிட்டு, அதையும் செய்யவில்லை. பதிலாக, கன்சோலை நகர்த்தும் முன் டிஸ்க்கை எடுத்துவிடுங்கள் என்று கையேட்டில் ஓர் எச்சரிக்கை சேர்ந்தது.

எச்சரிக்கையை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நிற்கவும் படுக்கவும் வைக்கலாம் என்று விற்கப்படும் பொருளை, வீட்டில் யாராவது ஒருநாள் நகர்த்தத்தான் செய்வார்கள். அப்போது டிஸ்க்கைக் காக்க ஒரு ரப்பர்த் துண்டுகூட உள்ளே இல்லாதது பயன்படுத்துபவரின் தவறு ஆகாது. 2008 ஏப்ரல் வரை இப்படிப்பட்ட புகார்கள் ஏறக்குறைய 55,000 வந்திருந்தன. உரிமையாளர்களில் 0.4 விழுக்காட்டினர்தான் புகார் செய்தார்கள், தவறான பயன்பாடுதான் காரணம் என்பது நிறுவனத்தின் வாதம். தான் வெளியிட்ட சில கேம்களுக்கு 20 டாலர் வாங்கிக்கொண்டு மாற்று டிஸ்க் கொடுத்தது.

வழக்கைப் பற்றியும் தவறான பேச்சு உண்டு. 2017 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளும் ஒருமித்து மைக்ரோசாப்ட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதனால் கன்சோலில் குறையே இல்லை என்று ஆகிவிட்டது என்பார்கள். நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை. பலர் சார்பில் ஒரே வழக்காக நடத்தக் கீழ் நீதிமன்றம் மறுத்தால், வழக்கைத் தாங்களாகவே கைவிட்டுவிட்டு அந்த மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாமா என்பது மட்டும்தான் அங்கே விவாதம். டிஸ்க்கும் காந்தமும் அந்தத் தீர்ப்பில் எடை போடப்படவில்லை.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்பக்கம் சிவப்பு விளக்குகள் எரிந்து கன்சோல் செத்துப்போகும் பிரபலமான கோளாறு வேறு, இது வேறு. அது மதர்போர்டு எனும் முதன்மை மின்சுற்றுப் பலகை தொடர்பானது, அதனால் டிஸ்க் கீறாது.

வயதாக ஆக வரும் கோளாறுகள்

நகர்த்தவே இல்லை, ஆனாலும் கீறல் விழுகிறது என்றால் பாகங்கள் தேய்ந்ததைச் சந்தேகிக்க வேண்டும். மோட்டாரின் தாங்கி தேய்ந்தால் டிஸ்க் லேசாக ஆடிக்கொண்டே சுழலும். மோட்டார் தலையில் உள்ள ரப்பர் வளையம் இறுகினால் பிடி வழுக்கும். நாமாகச் சேர்க்கும் கோளாறும் உண்டு. டிஸ்க்கின் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டினால் எடை ஒரு பக்கம் கூடி, அந்த வேகத்தில் டிஸ்க் அதிரும். தயவுசெய்து எந்த டிஸ்க்கிலும் எதையும் ஒட்டாதீர்கள்.

சோனியின் கன்சோலான பிளேஸ்டேஷன் 2-இன் பழைய தடித்த மாடல்களில் வேறொரு வழி. அங்கே படிப்பான் ஓடும் தண்டவாளத்தின் சாய்வைச் சரிசெய்ய ஒரு சின்ன வெள்ளைப் பல்சக்கரம் இருக்கிறது. அது காலப்போக்கில் தானாகத் திரும்பிவிட்டால் லென்ஸின் உயரம் மாறிப்போகும். முதலில் படிப்பதில் பிழை வரும், மோசமான நிலையில் டிஸ்க்கில் உரசவும் செய்யும். பழுதுபார்ப்பவர்கள் அந்தச் சக்கரத்தைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடி நகராதபடி நிறுத்திவைப்பார்கள்.

முதல் பிளேஸ்டேஷனின் தொடக்க மாடல்களில் படிப்பான் பிளாஸ்டிக் தண்டவாளத்தில் ஓடியது. அது தேய்ந்து படிப்பான் சாய்ந்ததும் கேம்கள் திக்கின. அந்தக் காலத்தில் பலர் கன்சோலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து விளையாடியது இதற்காகத்தான், எடை வேறு பக்கம் மாறியதும் படிப்பான் சற்று நேராகும். இங்கே டிஸ்க்குக்கு எந்தச் சேதமும் இல்லை. ஆனாலும் டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து நல்ல கேமைத் தள்ளிவிட்டவர்கள் நிறைய.

கீறலைப் பார்த்தே காரணம் கண்டுபிடிக்கலாம்

டிஸ்க்கை விளக்கின் கீழே சாய்த்துப் பிடியுங்கள். நடுத்துளையை மையமாகக் கொண்டு, காம்பஸ் வைத்து வரைந்ததுபோல வட்டமாகவோ வட்டத்தின் ஒரு பகுதியாகவோ இருந்தால் அது இயந்திரம் செய்தது. கோணல்மாணலாக, திசைக்கு ஒன்றாக இருந்தால் கையும் உறையும் மேசையும் செய்தது. பழைய டிஸ்க் வாங்கும்போது இந்த வேறுபாடு மிகவும் உதவும். நான் குறுக்குக் கீறல் பல உள்ள டிஸ்க்கைத் துணிந்து வாங்குவேன், நகத்தில் தட்டுப்படும் ஒரே ஒரு வளையம் இருந்தாலும் வாங்க மாட்டேன்.

கன்சோல்மேல் சந்தேகம் இருந்தால், போனால் பரவாயில்லை என்கிற ஒரு டிவிடியைப் போட்டு ஒரு மணி நேரம், தொடாமல், ஓடவிட்டுப் பாருங்கள். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் அடிப்பரப்பைப் படம் எடுத்து ஒப்பிட்டால் நல்லது. புதிதாக வளையம் விழுந்திருந்தால், அந்த டிரைவைச் சரிசெய்யும்வரை வேறு டிஸ்க் எதையும் அதில் போடாதீர்கள். வளையம் இல்லாமல், படிப்பதில் மட்டும் திணறல் என்றால் லென்ஸில் தூசியோ தேய்மானமோ இருக்கலாம். அப்போது டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம்.

டிஸ்க்கைக் காப்பாற்ற

முதல் வேலை, கேமை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுவது. 2008 நவம்பரில் வந்த மென்பொருள் மாற்றத்திலிருந்து எக்ஸ்பாக்ஸ் 360 இதை அனுமதிக்கிறது. அதன்பிறகு டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும், ஆனால் தொடக்கத்தில் சரிபார்க்க மட்டும்தான் அது சுழலும். சத்தமும் குறையும், கேமும் வேகமாக ஏறும். எக்ஸ்பாக்ஸ் ஒன், பிளேஸ்டேஷன் 4 முதலான பின்னாள் கன்சோல்கள் எல்லா கேமையும் இப்படி ஏற்றிவிட்டே ஓட்டுகின்றன. டிஸ்க் கீறல் புகார்கள் பெரும்பாலும் மறைந்துபோனதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்புறம், கன்சோலைச் சமமான, ஆடாத இடத்தில் வையுங்கள். தரையைப் பெருக்கவோ கேபிளை மாற்றவோ நகர்த்த வேண்டும் என்றால், டிஸ்க்கை வெளியே எடுத்த பிறகு நகர்த்துங்கள்.

ஏற்கெனவே வளையம் விழுந்த டிஸ்க்குக்கு மெருகேற்றும் இயந்திரம் உண்டு. அது கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைத் தேய்த்து, பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. டிவிடியில் தேய்க்க இருப்பது 0.6 மி.மீ. மட்டும் என்பதால் ஒன்றிரண்டு முறை செய்யலாம், திரும்பத் திரும்பச் செய்ய முடியாது. பற்பசையும் இதே வேலையை மிகச் சிறிய அளவில் செய்கிறது, மேலோட்டமான கீறலுக்குச் சரி. நகத்தில் தட்டுப்படும் வளையத்தை அது ஒன்றும் செய்யாது. பிளேஸ்டேஷன் 3 முதல் வந்த ப்ளூ-ரே டிஸ்க்குகளில் தகவல் பரப்பிலிருந்து வெறும் 0.1 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது. அதற்கு மேல் கடினமான ஒரு காப்புப் பூச்சு உண்டு, எளிதில் கீறாது. ஆனால் அதை மெருகேற்றப் போனால் அந்தப் பூச்சே போய்விடும், அதனால் ப்ளூ-ரே டிஸ்க்கை அந்த இயந்திரத்தில் கொடுக்காதீர்கள்.